ஒரு ஸ்டெப்புக்கு 32 கிலோபைட்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான்: “நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, ராத்திரியில் செத்துவிட்டது.” அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, நாள்கணக்கில் ஓடும் சிமுலேஷன்களில் வரும் மெமரி லீக்கை, அதாவது புரோகிராம் எடுத்த ரேமைத் திருப்பிக் கொடுக்காமல் சேர்த்துக்கொண்டே போவதை, மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நானும் இந்தத் தொல்லையோடு வருடக்கணக்கில் குப்பை கொட்டியவன்தான்.

கேள்வி: ஒரு பெட்டிக்குள் வெப்பம் பரவுவதைக் கணக்கிடும் சிமுலேஷனை சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதியிருக்கிறேன். பெட்டியை 4×4×4 என்று வெட்டி, 64 பிராசஸ்களுக்குப் பகிர்ந்து எம்பிஐயில் (பிராசஸ்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்ப உதவும் நூலகம்) ஓட்டுகிறேன். ஒவ்வொரு பிராசஸுக்கும் 64×64×64 செல்கள். மொத்தம் 4 நோடுகள், அதாவது தனித்தனிக் கணினிகள். ஒரு நோடில் 16 பிராசஸ், 128 ஜிபி ரேம். சுமார் 49,000 ஸ்டெப் வரை ஒழுங்காக ஓடுகிறது. அப்புறம் எந்த எரர் மெசேஜும் இல்லாமல் நின்றுவிடுகிறது. எக்ஸிட் கோட் 137. மெமரிப் பிழைகளைத் தேடும் வால்கிரைண்டில் போட்டேன், மூன்று நாளாகியும் முடியவில்லை. கோடை வரிவரியாக மூன்று முறை படித்துவிட்டேன். எங்கே தேடுவது? – ஓர் ஆராய்ச்சி மாணவி

பதில்: 137 என்பது 128 கூட்டல் 9. 9 என்பது ‘கில்’ சிக்னல். ரேம் தீர்ந்ததும் லினக்ஸ் கெர்னல் யாராவது ஒருவரைப் பலி கொடுக்கும். அந்தப் பலி உங்கள் பிராசஸ். அந்த சிக்னல் வந்தால் புரோகிராம் வாயைத் திறக்கக்கூட நேரமிருக்காது. எரர் மெசேஜ் வராதது அதனால்தான். ஆக, மெமரி என்பது கிட்டத்தட்ட உறுதி.

கோடை நான்காவது முறை படிக்க வேண்டாம், மூடி வையுங்கள் என்று இவருக்கு உடனே எழுதினேன். நாம் எழுதிய கோடை நாமே படிக்கும்போது, எழுத நினைத்ததுதான் கண்ணில் படும், எழுதியது படாது. அதற்குப் பதிலாக ஒரே ஒரு வேலை சொன்னேன்: ஒவ்வொரு பிராசஸும் ஆயிரம் ஸ்டெப்புக்கு ஒருமுறை ‘ப்ராக்’ கோப்பகத்தில் இருக்கும் தன்னுடைய ஸ்டேட்டஸ் கோப்பைத் திறந்து, ‘விஎம்ஆர்எஸ்எஸ்’ என்ற வரியை மட்டும் தன் லாகில் எழுதி வைக்கட்டும். பத்து வரி கோடுகூட ஆகாது. அந்த நொடியில் பிராசஸ் உண்மையில் எவ்வளவு ரேமைப் பிடித்திருக்கிறது என்பது அந்த வரியில் இருக்கும்.

இரண்டு நாளில் 64 பிராசஸ்களின் கணக்கும் வந்தது. ஆயிரம் ஸ்டெப்புக்கு எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தால், 64 பிராசஸ்களுக்கும் சேர்த்து நான்கே விதமான விடைகள். 0ஆம் பிராசஸில் கிட்டத்தட்ட 94 எம்பி. 1ஆம் பிராசஸில் 125. 5ஆம் பிராசஸில் 156. 21ஆம் பிராசஸில் 187-க்கும் 188-க்கும் நடுவில். எல்லாம் நேர்கோடு, நடுவில் எங்கும் வளைவு இல்லை.

இந்த நான்கு எண்களைப் பார்த்ததும் அவர் எழுதிய புரோகிராமைப் பார்க்கும் தேவை எனக்கு இருக்கவில்லை. அடுத்தடுத்த இரண்டு எண்களைக் கழித்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் 31 சொச்சம், துல்லியமாக 31.25 எம்பி என்று வைத்துக்கொள்வோம். அதை பைட்டாக்கி (இங்கே ஒரு எம்பி என்பது 1024×1024 பைட்) ஆயிரத்தால் வகுத்தால் ஒரு ஸ்டெப்புக்கு 32,768 பைட். ஒவ்வொரு ஸ்டெப்பிலும் ஒரு பிராசஸ் தன் துண்டின் ஓர முகங்களில் இருக்கும் மதிப்புகளை அண்டைப் பிராசஸ்களுக்கு அனுப்பும். இவருடைய கட்டத்தில் ஒரு முகம் என்பது 64×64 செல், ஒரு எண்ணுக்கு 8 பைட், பெருக்கினால் 32,768. ஆக, ஒரு ஸ்டெப்பில் ஓர் அண்டை வீட்டுக்காரருக்கு ஒரு முகம் வீதம் கசிகிறது.

சரி, அது ஏன் நான்கு விதமாக வருகிறது? பெட்டியின் மூலையில் உட்கார்ந்திருக்கும் பிராசஸுக்கு அண்டை 3 பேர். விளிம்பில் 4, முகத்தில் 5, நட்டநடுவில் 6. 0ஆம் பிராசஸ் மூலையில் இருக்கிறது: மூன்று முகம், 94 எம்பி. 21ஆம் பிராசஸ் நடுவில்: ஆறு முகம், 187.5 எம்பி. கசிவு அண்டை வீட்டாரின் எண்ணிக்கையோடு ஏறி இறங்குகிறது என்றால், சந்தேகப்பட வேண்டியது முகங்களைப் பரிமாறும் அந்த ஒரு ஃபங்ஷனை மட்டும்தான். வெப்பத்தைக் கணக்கிடும் பகுதி, கோப்பு எழுதும் பகுதி, இன்புட் படிக்கும் பகுதி எல்லாம் குற்றமற்றவை. செத்த நேரமும் ஒத்துப்போகிறது. ஒரு நோடுக்குப் பெட்டியின் ஓர் அடுக்கு; நடு நோடு ஒவ்வொன்றிலும் இருக்கும் 16 பிராசஸ்களுக்குச் சேர்த்து 80 அண்டை முகங்கள். ஒரு ஸ்டெப்புக்கு 2.5 எம்பி. 49,000 ஸ்டெப்பில் கிட்டத்தட்ட 120 ஜிபி. புரோகிராமுக்கும் சிஸ்டத்துக்கும் வேண்டிய மிச்சத்தையும் கூட்டினால் 128 முடிந்தது.

இன்னும் ஒரு படி போகலாம். ஒவ்வோர் அண்டைக்கும் அனுப்ப ஒரு பஃபர் (தற்காலிக மெமரி), வாங்க ஒரு பஃபர் என்று இரண்டு வேண்டும். இரண்டுமே கசிந்தால் அண்டைக்கு 64 கிலோபைட் வந்திருக்கும். 32 தான் வருகிறது. அப்படியானால் ஒன்றுதான் கசிகிறது. அனுப்பும் பஃபர்தான் என்று பந்தயம் கட்டினேன். வாங்கிய பஃபரைப் பிரித்து எடுத்த கையோடு எல்லோரும் டெலீட் போட்டுவிடுவார்கள். அனுப்பும் பஃபர் கதை வேறு. எம்பிஐயின் ‘ஐசெண்ட்’ என்ற அழைப்பு அனுப்பத் தொடங்கிவிட்டு உடனே திரும்பி வந்துவிடும். அனுப்பி முடித்தேன் என்று ‘வெயிட்’ சொல்லும் வரை பஃபரைத் தொடக்கூடாது. அவசரப்பட்டு டெலீட் போட்டால் அண்டைக்குக் குப்பை போகும், விடை கோணலாகும். உடனே டெலீட்டை கமெண்ட் ஆக்குவோம், அதாவது வெறும் குறிப்பாக்கி ஓடாமல் செய்வோம். விடை சரியாகிவிடும். பிறகு அந்த வரி நம் நினைவிலிருந்தே போய்விடும். நான் இதை ஒருமுறை செய்திருக்கிறேன்; அதனால்தான் பந்தயம் கட்டும் தைரியம்.

மறுநாள் பதில் வந்தது. கமெண்ட் ஆக்கிய டெலீட் வரி இருந்ததாம். அதன் பக்கத்திலேயே அவர் கையால் எழுதிய குறிப்பு: “இது இருந்தால் ரிசல்ட் தப்பாக வருகிறது. ஏன் என்று பிறகு பார்க்க வேண்டும்.” மூன்று முறை படித்தபோதும் கமெண்ட்தானே என்று தாண்டிப் போயிருக்கிறார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இத்தனை நாள் இவருடைய விடையைச் சரியாக வைத்திருந்ததே இந்த லீக்தான். வாங்கும் வேலைகளுக்கு மட்டும் ‘வெயிட்’ போட்டிருக்கிறார், அனுப்பும் வேலைகளுக்குப் போடவில்லை. அதனால் டெலீட் வரிக்கு உயிர் கொடுத்தால் மட்டும் போதாது, பழைய கோணல் திரும்பி வரும். லூப்புக்கு வெளியே அண்டைக்கு இரண்டு வீதம் பஃபர்களை ஒரே முறை ஒதுக்கிக்கொண்டு, அனுப்பு, வாங்கு இரண்டின் ரிக்வெஸ்ட்களையும் (ஒவ்வொரு வேலைக்கும் எம்பிஐ தரும் சீட்டு) ஒரே ‘வெயிட்ஆல்’ அழைப்பில் கொடுக்க வேண்டும். முடிக்காமல் விட்ட ரிக்வெஸ்ட்களும் எம்பிஐ நூலகத்துக்குள் சிறு கசிவுதான். அதுவும் இதோடு நிற்கும்.

வால்கிரைண்டைப் பற்றி: அது பத்து முதல் முப்பது மடங்கு வரை மெதுவாக ஓடும். அதில் முழு ஓட்டத்தையும் போடுவது வீண். கட்டத்தைச் சிறிதாக்கி, 10 ஸ்டெப் ஓட்டி ஓர் அறிக்கை, 20 ஸ்டெப் ஓட்டி இன்னோர் அறிக்கை எடுங்கள். எம்பிஐ தொடங்கும்போது அதன் நூலகம் விட்டுவைக்கும் சில்லறை இரண்டிலும் ஒரே அளவாக இருக்கும். உங்கள் லீக் இரட்டிப்பாகும்: நடுவில் இருக்கும் பிராசஸில் 60 துண்டு 120 ஆகும். ஒற்றை அறிக்கையை வைத்துக்கொண்டு 400 வரியில் மல்லாடுவதைவிட இரண்டை ஒப்பிடுவது மேல். கம்பைல் செய்யும்போது டிபக் தகவலைச் சேர்க்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் வரி எண் வராது. மறு கம்பைல் செய்யத் தயார் என்றால் அட்ரஸ் சானிடைசரையும் பாருங்கள். அது இரண்டு மடங்கு அளவில்தான் மெதுவாகும், முடியும்போது லீக் பட்டியலையும் தரும்.

கேள்வி: முதல் இருபது நிமிடம் மெமரி ஏறுகிறது, அப்புறம் படுத்துவிடுகிறது. லீக்கா?

பதில்: இல்லை. மெமரி கேட்டவுடன் லினக்ஸ் கொடுப்பது வாக்குறுதி மட்டும்தான். 4 கிலோபைட் பக்கம் ஒவ்வொன்றையும் நீங்கள் முதன்முதலில் எழுதித் தொடும்போதுதான் நிஜமான ரேம் வரும். பெரிய அரேக்களைத் தொட்டு முடிக்கும் வரை ஏறும். படுத்துவிட்டால் நீங்களும் படுத்துத் தூங்கலாம்.

கேள்வி: வால்கிரைண்ட் ஒரு பைட்கூட லீக் இல்லை என்று சத்தியம் செய்கிறது. ஆனால் ஒன்றரை நாளில் 3 ஜிபி 60 ஜிபி ஆகிறது. யாரை நம்புவது?

பதில்: இருவரையும். வால்கிரைண்டின் அகராதியில் லீக் என்றால் அநாதையான மெமரி, அதாவது அதன் முகவரியைச் சுட்டும் பாயிண்டரே யார் கையிலும் இல்லாதது. உங்களுடையது அநாதை இல்லை. யாரோ ஒருவர் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு, விடமாட்டேன் என்கிறார்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். துகள்கள் ஒன்றோடொன்று மோதும் சிமுலேஷன் ஒன்றில், மோதல் நடக்கும்போதெல்லாம் அதன் நேரம், இடம், வேகம் எல்லாவற்றையும் ஒரு வெக்டரில் (தானே வளரும் பட்டியல்) சேர்த்து வைத்தேன். பிறகு படம் போட்டுப் பார்க்கலாம் என்ற எண்ணம். சோதனை ஓட்டத்தில் மோதல் சில ஆயிரம்தான். படமும் போட்டேன், அழகாக இருந்தது, மறந்துவிட்டேன். பல மாதம் கழித்து நிஜ ஓட்டத்தில் மோதல்கள் கோடிக்கணக்கில் போயின. புரோகிராம் ஒழுங்காக முடிந்தால் டிஸ்ட்ரக்டர் வந்து எல்லாவற்றையும் கழுவித் துடைத்துக் கொடுத்துவிடும். வால்கிரைண்ட் கணக்குப் பார்ப்பது அந்தக் கழுவலுக்குப் பிறகு. வீட்டைச் சுத்தம் செய்தபின் சோதனைக்கு வரும் அதிகாரி மாதிரி. பத்து நாள் நான் எம்பிஐ நூலகத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். பாவம், அது என்ன செய்யும்!

இதற்கு வேறு கருவி வேண்டும்: ஓட்டத்தின் நடுவிலேயே யார் எவ்வளவு வைத்திருக்கிறார் என்று காட்டுவது. வால்கிரைண்டிலேயே ‘மாசிஃப்’ இருக்கிறது. ‘ஹீப்டிராக்’ இன்னும் வேகம். உச்சத்தில் எந்த வரியில் ஒதுக்கிய மெமரி மிச்சமிருக்கிறது என்று சொல்லும்.

நாசாவின் ஸ்பிரிட் ஊர்தி செவ்வாயில் இறங்கியது 2004 ஜனவரியில். பதினெட்டாவது செவ்வாய் நாளில் அது தடுமாறி, திரும்பத் திரும்ப ரீபூட் ஆகத் தொடங்கியது. காரணம் இதே சாதிதான்: ஃபிளாஷ் சேமிப்பகத்தில் கோப்புகள் சேர்ந்துகொண்டே போக, அவற்றின் பட்டியலை வைத்துக்கொள்ள வேண்டிய ரேமும் சேர்ந்து ஏறியது. அங்கே எந்த பைட்டும் அநாதை இல்லை. ஃபிளாஷைத் தொடாமல் பூட் ஆகும்படி பூமியிலிருந்து கட்டளை கொடுத்துத்தான் மீட்டார்கள். நமக்கு அவ்வளவு தூரம் இல்லை என்று ஆறுதல்பட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: போர்ட்ரானிலும் லீக் வருமா?

பதில்: சப்ரூட்டினுக்குள் அறிவித்த ‘அலோக்கடபிள்’ அரேவை, சப்ரூட்டின் முடிந்ததும் மொழியே விடுவித்துவிடும், போர்ட்ரான் 95 முதல் அது விதி. ‘பாயிண்டர்’ என்று அறிவித்திருந்தால் அந்த உதவி கிடையாது. பாயிண்டரை எங்கெல்லாம் அலோக்கடபிளாக மாற்ற முடியுமோ மாற்றிவிடுங்கள். பாதி வேலை அதிலேயே முடியும்.

கேள்வி: பைதானில் சிமுலேஷன் முடிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, நடுக்கோட்டு மதிப்புகளை மட்டும் எடுத்து ஒரு லிஸ்டில் சேர்க்கிறேன், ஒரு படமும் வரைகிறேன். முப்பது கோப்பு தாண்டுவதற்குள் மெஷின் திணறுகிறது. பைதானில்தான் குப்பை அள்ள, அதாவது வேண்டாத மெமரியைத் தானே விடுவிக்க, ஆள் இருக்கிறதே?

பதில்: குப்பை அள்ளுபவர் குப்பையைத்தான் அள்ளுவார். நீங்கள் கையில் வைத்திருப்பதைப் பிடுங்க மாட்டார்.

நீங்கள் அனுப்பிய துண்டுக் கோடில் ஒரு கோப்பு 1000×1000×100 அளவு. 8 பைட் வீதம் 800 எம்பி. அதிலிருந்து 1000 எண்களை வெட்டி எடுக்கிறீர்கள், 8 கிலோபைட். ஆனால் நம்பையில் (பைதானின் அரே நூலகம்) அப்படி வெட்டுவது வெட்டே இல்லை. அது பெரிய அரேவின் மேல் ஒரு ஜன்னல். ஜன்னல் இருக்கும் வரை சுவரும் இருந்தாக வேண்டும். லிஸ்டில் 30 ஜன்னல் சேர்த்தால் பின்னால் 24 ஜிபிக்குச் சுவர் நிற்கிறது. சேர்க்கும்போது ‘காப்பி’ என்று ஒரு வார்த்தை போடுங்கள், தீர்ந்தது. சந்தேகம் இருந்தால் அந்தத் துண்டின் ‘பேஸ்’ என்ற பண்பை அச்சிட்டுப் பாருங்கள். அங்கே பெரிய அரே எட்டிப் பார்த்தால் அது ஜன்னல்தான்.

படம் வரைவதிலும் ஒன்று. மேட்பிளாட்லிப்பின் பைபிளாட் தான் திறந்த ஒவ்வொரு படத்தையும் நினைவில் வைத்திருக்கும். சேமித்ததும் ‘குளோஸ்’ சொல்ல வேண்டும். 20 படத்துக்கு மேல் திறந்திருந்தால் அதுவே எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையை அணைத்து வைத்திருக்கிறீர்கள் என்று உங்கள் கோடின் நான்காவது வரி சொல்கிறது!

பைதானின் மெமரி கண்காணிக்கும் கருவியான ‘டிரேஸ்மேலாக்’ போட்டும் பயனில்லை என்று எழுதியிருந்தீர்கள். பயன் உண்டு, ஆனால் அது சொல்வது மெமரி பிறந்த இடத்தை. உங்கள் விஷயத்தில் கோப்பைத் திறக்கும் வரியைக் காட்டியிருக்கும். இப்போது அது யார் கையில் இருக்கிறது என்பதை அது சொல்லாது. திறக்கும் வரியிலிருந்து அந்த அரே எங்கெல்லாம் போகிறது என்று விரல் வைத்துத் தொடர்வது நம் வேலை.

கேள்வி: என் வரைபடம் நேர்கோடு இல்லை, மாடிப்படி. 500 ஸ்டெப்புக்கு ஒருமுறை ஒரு துள்ளல்.

பதில்: 500 ஸ்டெப்புக்கு ஒருமுறைதானே செக்பாயிண்ட் (விட்ட இடத்திலிருந்து தொடர உதவும் சேமிப்பு) எழுதுகிறீர்கள்? அப்படியானால் வேறெங்கும் போக வேண்டாம். கோப்பு வடிவம் ஹெச்டிஎஃப் 5 என்றால், திறந்த டேட்டாசெட், அட்ரிபியூட் எல்லாவற்றையும் தனித்தனியாக மூட வேண்டும். ஒன்று திறந்திருந்தாலும், கோப்பை மூடு என்று நீங்கள் சொன்னபின்பும் அது வழக்கமான அமைப்பில் உள்ளுக்குள் மூடாது. வெளியே மூடிவிட்ட மாதிரி நடிக்கும். மூடுவதற்கு முந்தைய வரியில் இன்னும் எத்தனை பொருள் திறந்திருக்கிறது என்று நூலகத்தையே கேட்டு அச்சிடுங்கள். அதற்கென்றே ஃபங்ஷன் இருக்கிறது. கோப்பு ஒன்றைத் தவிர வேறு எது வந்தாலும் அதுதான் திருடன். டேட்டாஸ்பேஸ்கள் இந்த எண்ணிக்கையில் வராது, அவற்றைத் தனியாகப் பாருங்கள்.

கேள்வி: விடுவித்த பிறகும் ஆர்எஸ்எஸ் (பிராசஸ் உண்மையில் பிடித்திருக்கும் ரேம்) இறங்குவதில்லை. பல திரெட்களில் ஓடும் புரோகிராம். ஹீப்டிராக் பார்த்தால் உயிரோடு இருக்கும் மெமரி ஒரே அளவுதான்.

பதில்: உயிரோடு இருப்பது சமமாக, ஆர்எஸ்எஸ் மட்டும் ஏறினால், அது லீக் இல்லை, சிதறல். சின்னச் சின்னத் துண்டுகளாக விடுவித்ததை ஜிலிப்சி (லினக்ஸின் சி நூலகம்) தன்னிடமே வைத்துக்கொள்கிறது, அடுத்த முறை கேட்டால் கொடுப்பதற்கு. திரெட்கள் மோதிக்கொள்ளாமல் இருக்க ஆளுக்கொரு ‘அரீனா’ (தனி மெமரிக் கிடங்கு) வேறு; 64 பிட் மெஷினில் கோருக்கு 8 வீதம் வரை போகும். ‘மேலாக் அரீனா மேக்ஸ்’ என்ற சூழல் மாறியை 2 என்று வைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கோடு படுத்துவிட்டால் காரணம் அதுதான். கொஞ்சம் வேகம் குறையலாம். அதைவிட நல்ல மருந்து, லூப்புக்குள் ஒதுக்குவதையே குறைப்பது.

கேள்வி: என் வழிகாட்டி, “லீக்கைத் தேடி நேரத்தை வீணாக்காதே, 12 மணி நேரத்துக்கு ஒருமுறை செக்பாயிண்டிலிருந்து மறுபடி தொடங்கு” என்கிறார். இது ஒப்பேற்றல் இல்லையா?

பதில்: ஒப்பேற்றல்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நானும் செய்திருக்கிறேன். ஆனால் இரண்டு காரியம் செய்துவிட்டு அவர் சொல்படி கேளுங்கள். ஒன்று, மேலே சொன்ன மாதிரி ஸ்டெப்புக்கு எத்தனை பைட் என்று வகுத்து, அந்த எண்ணை உங்கள் அரே அளவுகளோடு பொருத்திப் பாருங்கள். அரை மணி நேர வேலை. முதல் கேள்விக்காரருக்கு நேர்ந்த மாதிரி, லீக்குக்கு அடியில் விடையைக் கெடுக்கும் பிழை ஒன்று படுத்திருக்கலாம். இரண்டாவது, 1000 ஸ்டெப் ஒரே மூச்சில் ஓட்டுங்கள்; பிறகு 500 ஓட்டி, நிறுத்தி, செக்பாயிண்டிலிருந்து இன்னொரு 500 ஓட்டுங்கள். இரண்டு விடையும் கடைசி இலக்கம் வரை ஒன்றாக வருகிறதா? வராவிட்டால் செக்பாயிண்டில் எதையோ சேமிக்காமல் விட்டிருக்கிறீர்கள். ரேண்டம் எண்களின் நிலையைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.